ஐபி அட்ரஸை டெக்ஸ்ட்டா வச்சிருந்த ஒரு அக்சஸ் லாக்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு நடுத்தர நிறுவனம், உள்ளுக்குள்ள மட்டும் ஓடுற ஒரு ரிப்போர்ட் அப்ளிகேஷன். சம்பளம், பில், வவுச்சர் எல்லாம் அதுல தான். லாகின் பாஸ்வேர்டு தனியா இருக்கு, அதுக்கு மேல இன்னொரு தடுப்பா சில பக்கங்களை கணக்குப் பிரிவோட நெட்வொர்க்ல இருந்து மட்டும் தான் திறக்க முடியணும்னு வச்சிருந்தாங்க. அந்தப் பிரிவுக்கு நெட்வொர்க் டீம் ஒதுக்கியிருந்த ரேஞ்ச் 10.20.16.0/20, அதாவது மூணாவது எண் 16ல இருந்து 31 வரைக்கும். சாய்கோடுக்குப் பின்னாடி வர்ற எண், அட்ரஸோட 32 பிட்ல முதல் எத்தனை பிட் மாறாதுன்னு சொல்றது. (முதல் ரெண்டு எண்ணை மட்டும் இங்க மாத்தியிருக்கேன், மூணாவது எண்ல இருந்து எல்லாம் நடந்தது நடந்தபடியே, ஏன்னா விஷயமே அந்த மூணாவது எண்ல தான் இருக்கு.)

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், வெர்ஷன் 13. அக்சஸ் லாக்னு ஒரு பெரிய டேபிள், அதுல யார், எந்தப் பக்கம், எப்போ, எந்த ஐபி. ஐபிக்கான காலம் (டேபிளோட நெடுவரிசை, column) வார்சார் 15, அதாவது 15 எழுத்து வரைக்கும் ஏத்துக்கிற டெக்ஸ்ட். ஏன் 15னு யாரையும் கேக்க வேண்டியதில்ல, 255.255.255.255னு எழுதிப் பாத்தா சரியா 15 எழுத்து வரும், அவ்ளோதான் காரணம். போஸ்ட்கிரெஸ்ல ஐபிக்குன்னே ஐநெட், சைடர்னு ரெண்டு டைப் ரொம்ப காலமா இருக்கு, ஆனா இந்த அப்ளிகேஷனை முதல்ல எழுதினவர் அதைத் தொடவே இல்ல, அவர் வேலைய விட்டும் போயிட்டாரு.

இதுல சம்பந்தப்பட்டவங்க நாலு பேர்: இப்போ அப்ளிகேஷனைப் பாத்துக்கிற டெவலப்பர், நெட்வொர்க் அட்மின், உள் தணிக்கை பாக்கிற ஒருத்தர், அப்புறம் டேட்டாபேஸ் பக்கம் பாக்கச் சொல்லி கூப்பிடப்பட்ட நான்.

## எப்படி வெளிய வந்துச்சு

பயிற்சிப் பிரிவுல இருக்கிற ஒருத்தருக்கு யாரோ ஒரு வவுச்சர் பக்கத்தோட லிங்க்கை தெரியாம மெயில்ல அனுப்பிட்டாங்க. அவர் கிளிக் பண்ணாரு, திறந்துடுச்சு. அவர் நல்ல மனுஷன், பாத்துட்டு சும்மா இருக்காம ஹெல்ப்டெஸ்க்குக்கு "சார், இது எனக்கு ஓப்பன் ஆகுது, ஆகணுமா?"னு ஒரு வரி போட்டாரு. அவரோட மெஷின் 10.20.140ல ஆரம்பிக்கிற அட்ரஸ்ல இருந்துச்சு. ரேஞ்சுக்கு ரொம்ப வெளிய.

தணிக்கையாளர் காதுக்கு இது போனதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: கடந்த ஆறு மாசத்துல அந்த ரேஞ்சுக்கு வெளிய இருந்து இந்தப் பக்கங்களை யார் யார் திறந்திருக்காங்க, லிஸ்ட் குடுங்க. கேக்க எளிமையான கேள்வி. அதுக்கு அன்னைக்கு அந்த சிஸ்டத்தால பதில் சொல்ல முடியல, அதனால தான் இந்த ஆய்வு இவ்ளோ நீளம்.

## முதல்ல பாத்தது

அனுமதி செக் பண்ற புரோகிராம் கோடுல மூணு லைக் பேட்டர்ன் இருந்துச்சு: '10.20.1%', '10.20.2%', '10.20.3%'. லைக்ங்கிறது டெக்ஸ்ட்டை ஒப்பிடறது, %ன்னா அதுக்கப்புறம் எது வேணா வரலாம். 16ல இருந்து 31 வரைக்கும் உள்ள எண்கள் 1, 2, 3ல தானே ஆரம்பிக்குது, அதனால மூணு பேட்டர்ன் போட்டா போதும்னு யாரோ நினைச்சிருக்காங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். முதல் பேட்டர்ன்ல மூணாவது எண் 1, அப்புறம் 10 முதல் 19, அப்புறம் 100 முதல் 199, மொத்தம் 111. ரெண்டாவதுல 2, 20 முதல் 29, 200 முதல் 255, அது 67. மூணாவதுல 3, 30 முதல் 39, அது 11. கூட்டினா 189. வேணும்னு நினைச்சது 16, திறந்து கிடந்தது 189. அட்ரஸ் எண்ணிக்கையில சொன்னா 4096க்கு பதிலா 48384.

இதை எழுதினவரை முட்டாள்னு சொல்றது சுலபம், ஆனா பழைய கமிட்களைப் பாத்தா கதை வேற. முதல்ல அந்தப் பிரிவுக்கு இருந்தது 10.20.16.0/24 மட்டும், அப்போ '10.20.16.%'னு ஒரே பேட்டர்ன், அது நூத்துக்கு நூறு சரி, கடைசில புள்ளியும் இருக்கு. ஆளுங்க கூடினதும் நெட்வொர்க் டீம் அதை /20ஆ விரிச்சாங்க, கோடு மாத்தினவர் உள்ள இருக்கிறவங்களுக்கு திறக்குதான்னு டெஸ்ட் பண்ணாரு, திறந்துச்சு, முடிஞ்சுது. வெளிய இருக்கிறவங்களுக்கு மூடுதான்னு யாரும் டெஸ்ட் பண்ணல. லைக்கை வச்சு ஐபி பாக்கிற எல்லா இடத்துலயும் நான் பாக்கிறது இது தான், /8, /16, /24 வரைக்கும் அது சமத்தா வேலை செய்யும், ப்ரிஃபிக்ஸ் (அந்த சாய்கோடு எண்) எட்டோட மடங்கா இல்லாம போற அன்னைக்கு சத்தமே இல்லாம பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

## அன்னைக்கு சாயங்காலம் எடுத்த முடிவு

ஓட்டையை உடனே அடைக்கணும். டேபிள் மாத்தற வேலையெல்லாம் ஒரே நாள்ல நடக்காது. அதனால தற்காலிகமா மூணு பேட்டர்னை எடுத்துட்டு '10.20.16.%'ல இருந்து '10.20.31.%' வரைக்கும் 16 வரி எழுதினோம். அழகா இல்ல, ஆனா /20க்கு இது சரியான விடை, யாரும் வாதாட முடியாது.

மறுநாள் காலைல போன் மேல போன். கணக்குப் பிரிவுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பக்கம் திறக்கல. விசாரிச்சா அவங்க உக்காந்திருந்த தளத்துல மராமத்து நடக்குதுன்னு அவங்களை பயிற்சிப் பிரிவு இருக்கிற தளத்துக்கு மாத்தியிருந்தாங்க, அதாவது 10.20.140 பக்கம். அவங்களுக்கு முறைப்படி அனுமதி கேட்டு யாரும் எழுதவே இல்ல, எழுதத் தேவையும் வரல, ஏன்னா தப்பான பேட்டர்ன் அவங்களை ஏற்கனவே உள்ள விட்டுக்கிட்டு இருந்துச்சு!

மாச முடிவு நேரம், பழையபடியே மாத்திடுங்கன்னு அழுத்தம் வந்துச்சு. மாத்தல. பழையதைத் திருப்பிப் போட்டா 189ம் திரும்ப திறக்கும், அதுக்கு பதிலா அவங்க இருக்கிற 10.20.140.0/24 ஒண்ணுக்கு மட்டும் பதினேழாவது வரியா அனுமதி சேத்து, யார் கேட்டாங்க, எது வரைக்கும்னு டிக்கெட்ல எழுதி வச்சோம். அதே /24ல பயிற்சிப் பிரிவு ஆளுங்களும் இருக்காங்க, அது தெரிஞ்சே தான் செஞ்சது, தணிக்கையாளர்கிட்டயும் அப்படியே சொல்லியாச்சு.

## எந்த டைப், ஏன்

நிரந்தரத் தீர்வுக்கு டெவலப்பர் ரெண்டு யோசனை சொன்னாரு. ஒண்ணு, புள்ளி புள்ளியா பிரிச்சு நாலு இன்டிஜர் காலம். இன்னொண்ணு, மொத்தத்தையும் ஒரே பெரிய எண்ணா மாத்தி வச்சு, இதுக்கும் அதுக்கும் நடுவுலயான்னு பாக்கிறது. ரெண்டாவது உண்மையிலேயே வேலை செய்யும், நிறைய இடத்துல அப்படித்தான் ஓடுது. ஆனா நெட்வொர்க் டீம் ரூலை 10.20.16.0/20னு தான் குடுப்பாங்க, அதை ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் முடிவுன்னு மாத்திக்கிட்டே இருக்கணும், புது வகை அட்ரஸான ஐபிவி6 வந்தா 128 பிட், அது 64 பிட் எண் டைப்பான பிக்இன்ட்ல நுழையாது.

ஐநெட்டுக்கு போகலாம்னு முடிவாச்சு. ஐபிவி4க்கு 7 பைட், ஐபிவி6க்கு 19 பைட், ஒரே காலத்துல ரெண்டும் உக்காரும். அடங்கியிருக்கான்னு கேக்க <<= ஆபரேட்டர் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு மேல விழுதான்னு கேக்க && இருக்கு. நெட்வொர்க் அட்மின் எழுதற மொழியும் டேட்டாபேஸ் புரிஞ்சுக்கிற மொழியும் ஒண்ணாயிடும், நடுவுல மொழிபெயர்க்க ஒரு ஆள் தேவையில்ல.

லாக் டேபிள்ல பழைய காலத்தை அப்படியே டைப் மாத்தாம, பக்கத்துல புதுசா ஒரு ஐநெட் காலம் சேத்தோம். பழைய டெக்ஸ்ட் ஆதாரம், தணிக்கை நடந்துக்கிட்டு இருக்கும்போது ஆதாரத்துல கை வைக்கக் கூடாது.

## லாக்கை மாத்தும்போது கிளம்பினது

டெக்ஸ்ட்டை ஐநெட்டா காஸ்ட் பண்ணா (டைப் மாத்தினா) ஒரு கெட்ட வரி வந்தாலும் மொத்த அப்டேட்டும் விழுந்துடும். வெர்ஷன் 16ல இருந்து ஒரு மதிப்பு அந்த டைப்புக்கு செல்லுமான்னு முன்கூட்டியே கேக்க பிஜி_இன்புட்_இஸ்_வேலிட்னு ஃபங்ஷன் இருக்கு, இவங்க 13ல இருந்ததால அது கிடையாது. அதனால காஸ்ட் பண்ணிப் பாத்து, எரர் வந்தா நல் (NULL, வெற்று மதிப்பு) திருப்பிக் குடுக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினோம். அதுல எரரைப் பிடிக்கிற எக்செப்ஷன் பிளாக் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சப் டிரான்ஸாக்ஷன் போடும், பெரிய டேபிள்ல இழுக்கும், அதனால முதல்ல ரெகெக்ஸ்ல (எழுத்து வடிவத்தைப் பாக்கிற தேடல்ல) சுத்தமா தெரியிற வரிகளை நேரா மாத்திட்டு மீதிக்கு மட்டும் ஃபங்ஷனை விட்டோம்.

மீதில வந்தது மூணு ரகம். 'அன்நோன்'னு எழுதியிருந்த வரிகள், அது பத்தி பேச ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது ரகம், ஒரு கமா நடுவுல இருக்கிற வரி: '10.20.18.7, 10.'. ப்ராக்ஸி (நடுவுல நின்னு ரிக்வெஸ்ட்டை கடத்துற சர்வர்) வழியா வர்ற ரிக்வெஸ்ட்ல எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர்ல அட்ரஸ்கள் வரிசையா வரும், அப்ளிகேஷன் அதை முழுசா எடுத்து 15 எழுத்துல வெட்டி லாக்ல போட்டிருக்கு. ஏன் வெட்டுச்சு? போஸ்ட்கிரெஸ்ல வார்சார் 15ல 16 எழுத்து போட்டா அது தானா வெட்டாது, எரர் தான் தரும். எப்பவோ அந்த எரர் வந்திருக்கு, யாரோ முதல் சில எழுத்தை மட்டும் எடுக்கிற லெஃப்ட் ஃபங்ஷனைப் போட்டு வாயடைச்சிருக்காங்க. இன்னொரு சிக்கல், அந்த ஹெட்டர்ல முதல்ல இருக்கிற அட்ரஸை கிளையன்ட்டே இஷ்டத்துக்கு எழுதி அனுப்பலாம், நம்பத்தகுந்தது நம்ம ப்ராக்ஸி கடைசியா சேக்கிறது மட்டும் தான். வெட்டினதுல போனது சரியா அந்த நம்பத்தகுந்த பாகம். இந்த வரிகளை ப்ராக்ஸியோட சொந்த லாக்கோட நேரத்தை வச்சு ஒப்பிட்டு தான் எடுக்க முடிஞ்சுது.

மூணாவது ரகம் தான் எங்களை நிறைய நேரம் உக்கார வச்சது. ரெண்டு சர்வர்ல ஒண்ணை அப்கிரேடு பண்ணப்போ அது ஐபிவி4, ஐபிவி6 ரெண்டையும் ஒரே சாக்கெட்ல கேக்க ஆரம்பிச்சிருக்கு. அப்படி கேக்கும்போது சாதாரண ஐபிவி4 கிளையன்ட்டும் ஐபிவி6 வேஷத்துல வரும், முன்னாடி ரெண்டு கோலன், நாலு எஃப், திரும்ப ஒரு கோலன், அப்புறம் தான் 10.20.18.7. அனுமதி செக் பண்ற இடத்துல யாரோ அந்த முன்னொட்டை வெட்டிட்டாங்க, லாக் எழுதற ஃபைல் வேற, அங்க வெட்டல. முன்னொட்டு மட்டும் 7 எழுத்து. மீதி 8 எழுத்துல '10.20.18' வரைக்கும் தான் நுழையும்.

கடைசி எண் போனா போகட்டும், /20க்கு மூணாவது எண் தெரிஞ்சா போதுமேன்னு டெவலப்பர் சொன்னாரு. நெட்வொர்க் அட்மின் தான் நிறுத்தினாரு: "அது 18னு எப்படி தெரியும்? 180ஆ இருந்தா?" உண்மை தான். 10.20.180.4ஐ அதே இடத்துல வெட்டினாலும் மிஞ்சறது '10.20.18' தான். ஒண்ணு ரேஞ்சுக்கு உள்ள, இன்னொண்ணு வெளிய. லைக் பேட்டர்ன்ல இருந்த அதே நோய் லாக்லயும்.

எண் எண்ணா போட்டுப் பாத்தோம். மூணாவது எண் 255ஐத் தாண்டாது, அதனால வெட்டினதுல 26ல இருந்து 31 வரைக்கும் தெரிஞ்சா அது நிச்சயம் அதுவே தான், 260னு ஒண்ணு கிடையாது. 16ல இருந்து 25 வரைக்கும் தான் சந்தேகம், 16ன்னா 160 முதல் 169 வரைக்கும் எதுவாவும் இருக்கலாம், 25ன்னா 250 முதல் 255. நெட்வொர்க் அட்மின் ஒதுக்கீட்டைப் பாத்துட்டு, பயிற்சிப் பிரிவுக்கு 10.20.128.0/18, அதாவது 128ல இருந்து 191 வரைக்கும், அதுக்கு மேல அந்த ஆறு மாசத்துல எதுவுமே ஒதுக்கலன்னு சொன்னாரு. அப்போ 20 முதல் 25 வரைக்கும் உள்ளன்னு வச்சுக்கலாம், ஆனா அதுக்கு ஆதாரம் லாக் இல்ல, ஒதுக்கீட்டு பதிவு. 16 முதல் 19 வரைக்கும் தெரியாது, தெரியவும் போறதில்ல.

இங்க ஒரு குறுக்கு வழி பேச்சு வந்துச்சு. லாக்ல யூசர் பேர் இருக்கே, ஆள் கணக்குப் பிரிவுன்னா உள்ளன்னு போட்டுடலாமேன்னு. ஆனா அந்தப் பிரிவுல பாதிப் பேர் 140ல உக்காந்திருந்தது ஏற்கனவே தெரியும், ஆள் யாருன்னு தெரிஞ்சா அவர் எங்க இருந்து வந்தார்னு ஆகாது. தெரியாதுன்னு தனியா ஒரு வகை வச்சோம்.

வெட்டுப்படாம முழுசா இருந்த சில ஐபிவி6 வேஷ வரிகளும் சர்வர் லாக்ல கிடைச்சுது, அதுங்களை டெக்ஸ்ட்டை வெட்டாமலே மாத்தலாம். ஐநெட்ல இருந்து ஐநெட்டைக் கழிச்சா எண் வரும், அந்த முன்னொட்டோட பூஜ்ய அட்ரஸைக் கழிச்சு, வர்ற எண்ணை 0.0.0.0ஓட கூட்டினா நேரா ஐபிவி4 அட்ரஸ் வந்துடும். இதை செய்யாம விட்டா <<= எரர் எல்லாம் தராது, ரெண்டும் வேற குடும்பம்னு அமைதியா ஃபால்ஸ் சொல்லிட்டுப் போயிடும். எரர் தந்தா கூட பரவாயில்லனு தோணும் எனக்கு.

## ரூல் டேபிள்

அனுமதிகளை கோடுல இருந்து எடுத்து ஒரு டேபிளுக்கு கொண்டு வந்தோம். ரேஞ்ச், எந்தப் பிரிவு, யார் கேட்டது, எது வரைக்கும். ரேஞ்சுக்கு சைடர் டைப். ஐநெட் ஒரு மெஷின் அட்ரஸையும் அதோட மாஸ்க்கையும் (சாய்கோடு எண்) சேத்து வச்சுக்கும், சைடர் நெட்வொர்க்கை மட்டும் தான் ஏத்துக்கும், மாஸ்க்குக்கு வலது பக்கம் ஒரு பிட் ஒண்ணா இருந்தாலும் எரர்.

நெட்வொர்க் டீம் ஷீட்டை ஏத்தினப்போ சில வரி விழுந்துச்சு. பெரும்பாலும் கேட்வே அட்ரஸையே ரேஞ்சா எழுதினது, 10.20.16.1/20 மாதிரி. டெவலப்பர் நெட்வொர்க் ஃபங்ஷனைப் போட்டா வலது பக்க பிட் எல்லாம் பூஜ்யமாயிடுமே, எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிடலாம்னாரு. விழுந்த வரில ஒண்ணு 10.20.17.0/20. அதை நெட்வொர்க் ஃபங்ஷன்ல விட்டா 10.20.16.0/20னு வரும், கேட்டுப் பாத்தா அது ஒரு சின்ன அறைக்கான 10.20.17.0/24, கடைசி எண்ணை யாரோ தப்பா அடிச்சிருக்காங்க. 256 அட்ரஸுக்கு குடுக்க வேண்டிய அனுமதி 4096க்கு போயிருக்கும். எரரை எரராவே விட்டு, ஒவ்வொண்ணையும் ஆள்கிட்ட கேட்டு திருத்தினோம்.

ஆனா சைடர் விடாம பிடிக்கும்னு நம்பி உக்காந்துட முடியாது. அதுல '10.20'னு அரைகுறையா அடிச்சா எரர் வராது, பழைய கிளாஸ் முறைப்படி அதை 10.20.0.0/16னு எடுத்துக்கும், வெறும் '10'ன்னா 10.0.0.0/8. ஃபார்ம்ல டைப் பண்றவர் பாதில என்டர் தட்டினா மொத்த கட்டிடத்துக்கும் அனுமதி. அதனால டேபிளுக்கு போறதுக்கு முன்னாடியே, சாய்கோடு இல்லாத உள்ளீட்டை ஏத்துக்காதேன்னு ஒரு செக் வச்சோம்.

ஒண்ணு மேல ஒண்ணு விழற ரூலைத் தடுக்க எக்ஸ்க்ளூட் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதுற வரியை ஏத்துக்காத டேபிள் கட்டுப்பாடு), ஜிஸ்ட் இன்டெக்ஸோட (இந்த மாதிரி மேல விழறதைத் தேடத் தெரிஞ்ச இன்டெக்ஸ் வகை) && ஆபரேட்டர். அந்த வெர்ஷன்ல ஜிஸ்ட்டுக்கு ஐநெட்_ஆப்ஸ்னு ஆபரேட்டர் கிளாஸ் பேரை நாமளே எழுதணும், தானா எடுத்துக்காது. முதல் முயற்சில கன்ஸ்ட்ரெயின்ட் ஒண்ணும் சேரல, ஏன்னா பிரிவுக்குள்ள துணைப் பிரிவு இருக்கிறது நியாயமான ஒண்ணு, /20க்கு உள்ள /22 இருக்கத்தான் செய்யும். அதனால நிலைனு ஒரு காலம் சேத்து, ஒரே நிலைல மட்டும் மேல விழக் கூடாதுன்னு மாத்தினோம், சமம்ங்கிற செக்கை அதே ஜிஸ்ட்டுக்குள்ள கொண்டு வர பிட்ரீ_ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டுச்சு. போட்ட உடனே ஒண்ணு பிடிச்சுது: சம்பளப் பிரிவுக்கு 10.20.28.0/22, கொள்முதலுக்கு 10.20.30.0/23. 28ல இருந்து 31 வரைக்கும் ஒருத்தர், 30, 31 இன்னொருத்தரும். ஷீட்ல கண்ணால பாத்தா ரெண்டும் வேற வேற மாதிரி தான் தெரியும்.

எந்த லாக் வரி எந்த துணைப் பிரிவுன்னு பேர் ஒட்ட, பொருந்தற ரூல்களை மாஸ்க்லென் (மாஸ்க் நீளம்) இறங்கு வரிசைல போட்டு முதல் ஒண்ணை எடுத்தோம். ரவுட்டர் செய்யற அதே நீளமான ப்ரிஃபிக்ஸ் வேலை தான்.

## மெஷின் லிஸ்ட்டோட ஜாயின்

வெளிய இருந்து வந்த அட்ரஸ் எந்த மெஷின்னு தெரிஞ்சா ஆளைத் தேடலாம்னு, மெஷின் விவரம் இருக்கிற டேபிளோட ஜாயின் பண்ணாரு டெவலப்பர். ஒரு வரி கூட வரல. ரெண்டு பக்கமும் ஐநெட், கண்ணுக்கு அட்ரஸ் அதே அட்ரஸ்.

மெஷின் டேபிள்ல இருந்தது 10.20.140.7/18, மெஷின்ல இருந்து எடுத்த எக்ஸ்போர்ட் மாஸ்க்கோட வந்திருக்கு. லாக்ல இருந்தது வெறும் 10.20.140.7, அதாவது /32. ஐநெட்டுக்கு இந்த ரெண்டும் சமம் இல்ல, மாஸ்க்கும் மதிப்போட ஒரு பாகம். ஹோஸ்ட் ஃபங்ஷனைப் போட்டு ரெண்டு பக்கமும் அட்ரஸை மட்டும் எடுத்து ஒப்பிட்டதும் வரிகள் வந்துச்சு, அப்புறம் மெஷின் டேபிள்லயே செட்_மாஸ்க்லென் போட்டு 32 ஆக்கி, மாஸ்க்கை தனி காலத்துக்கு நகத்திட்டோம்.

இதே காரணத்தால << போடறதா <<= போடறதாங்கிற விஷயமும் சின்னது இல்ல. << ன்னா கண்டிப்பா சின்னதா இருக்கணும். 10.20.140.7/18 << 10.20.128.0/18 கேட்டா ஃபால்ஸ், ரெண்டும் 18. ஒரே ஒரு மெஷினுக்குன்னு /32 ரூல் எழுதினாலும் << பொருந்தாது. எல்லா இடத்துலயும் <<= தான்னு முடிவு பண்ணிட்டோம்.

தணிக்கையாளருக்கு குடுத்த முதல் எக்ஸ்போர்ட்டும் திரும்பி வந்துச்சு, ஒவ்வொரு ஐபி பின்னாடியும் /32 ஒட்டியிருக்கு, அவரோட ஷீட்ல தேடினா எதுவும் கிடைக்கலன்னு. ஐநெட்டை டெக்ஸ்ட்டா காஸ்ட் பண்ணா அப்படித்தான் வரும், சும்மா செலக்ட் பண்ணா திரையில /32 தெரியாது, அதனால யாருக்கும் தோணல. அங்கயும் ஹோஸ்ட் தான்.

## இன்டெக்ஸ்

சுருக்கமா சொல்றேன். ஐநெட் காலத்துல சாதாரண பிட்ரீ இன்டெக்ஸ் இருந்தாலே, வலது பக்கம் நிலையான ரேஞ்ச் குடுத்து <<= கேட்டா பிளானர் (எப்படி தேடறதுன்னு முடிவு பண்ற டேட்டாபேஸ் பாகம்) அதை இங்கிருந்து இது வரைக்கும்னு மாத்தி இன்டெக்ஸ்ல தேடும். ரூல் டேபிளோட ஜாயின் பண்ணும்போது ரேஞ்ச் நிலையானது இல்ல, அங்க அது நடக்காது, ஜிஸ்ட்டோ எஸ்பி-ஜிஸ்ட்டோ வேணும். லாக் டேபிள்ல ஜிஸ்ட் போடணுமான்னு யோசிச்சோம், எழுதற வேகம் அடி வாங்கும், கேள்வி எப்பவுமே ஒரு காலகட்டத்துக்குள்ள தான் வருது, அதனால நேரத்துக்கு இருந்த இன்டெக்ஸ் போதும்னு விட்டுட்டோம். ஜிஸ்ட் ரூல் டேபிள்ல மட்டும்.

## முடிவு

தணிக்கையாளருக்கு போன அறிக்கைல நாலு வகை: ரேஞ்சுக்கு உள்ளன்னு லாக்கே சொல்றது, ஒதுக்கீட்டு பதிவை வச்சு உள்ளன்னு சொல்றது, வெளியன்னு உறுதியா தெரியிறது, தெரியாதது. நாலாவது வகை ஏன் இருக்குன்னு அந்த 8 எழுத்து கணக்கை ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தோம். அவர் அதை ஏத்துக்கிட்டாரு, அதைவிட லெஃப்ட் ஃபங்ஷன் எந்த தேதில வந்துச்சு, யார் ஒப்புதல் குடுத்ததுங்கிறதுல தான் அவருக்கு அக்கறை அதிகமா இருந்துச்சு. வெளியன்னு உறுதியானதுல பெரும்பாலானவங்க தளம் மாறின கணக்குப் பிரிவு ஆளுங்க தான், மீதி சிலரை நிர்வாகம் தனியா விசாரிச்சாங்க, அது இந்த ஆய்வுக்குள்ள வராது.

மராமத்து முடிஞ்சு அவங்க பழைய இடத்துக்கு போனதும் 10.20.140.0/24 ரூல் அதோட தேதில தானா செயலிழந்துச்சு. லாக் எழுதற இடத்துல லெஃப்ட் போயிடுச்சு, ஹெட்டர் முழுசா ஒரு டெக்ஸ்ட் காலத்துல, ப்ராக்ஸி சேத்த கடைசி அட்ரஸ் ஐநெட் காலத்துல.

இதே நிறுவனத்துல மைஎஸ்க்யூஎல்ல ஓடற இன்னொரு சின்ன டூலையும் அதுக்கப்புறம் பாக்கச் சொன்னாங்க. அதுல அட்ரஸை எண்ணா மாத்தற ஐநெட்_ஏடான் ஃபங்ஷன்ல வர்ற எண்ணை சாதாரண இன்ட் காலத்துல போட்டிருந்தாங்க, அன்சைன்டு (மைனஸ் எண்ணுக்கு இடம் விடாத வகை) இல்ல. 10ல ஆரம்பிக்கிற அட்ரஸ் எல்லாம் அதுல நுழையும். ஆனா 172.16.0.0 ன்னாலே 2886729728, சைன்டு இன்ட்டோட எல்லை 2147483647. ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப்ல இருந்ததால எரர் இல்லாம எல்லாம் அந்த எல்லைலயே போய் நின்னுருக்கு, திருப்பி மாத்திப் பாத்தா அத்தனை பேரும் 127.255.255.255ல இருந்து வந்த மாதிரி. காலத்தை அன்சைன்டு ஆக்கியாச்சு, பழைய வரிகள் போனது போனது தான்.

## அடுத்த முறை மாறுறது

பேட்டர்னை இறுக்கறதுக்கு முன்னாடி, புது ரூல் இருந்திருந்தா கடந்த வாரம் யார் யார் தடுக்கப்பட்டிருப்பாங்கன்னு லாக்ல ஒரு க்வெரி ஓட்டியிருக்கலாம். வெட்டுப்படாத வரிகளே அதுக்கு போதும், 10.20.140 முதல் பக்கத்துலயே வந்திருக்கும், காலைல பாதிப் பிரிவு நின்னிருக்காது. இப்போ ரூல் மாத்தினா முதல்ல சில நாள் பழைய விடை, புது விடை ரெண்டையும் பதிவு பண்ணி, வித்தியாசம் வர்ற வரிகளைப் பாத்துட்டு தான் மாத்தறாங்க.

டெஸ்ட்ல இப்போ எல்லை அட்ரஸ்கள் இருக்கு: 10.20.15.255, 10.20.16.0, 10.20.31.255, 10.20.32.0, கூட 10.20.160.1ம் 10.20.2.1ம். முதல், கடைசி அட்ரஸை கையால எழுதாம ரூல்ல இருந்தே நெட்வொர்க், பிராட்காஸ்ட் ஃபங்ஷன்ல எடுக்கறாங்க, ரேஞ்ச் மாறினா டெஸ்ட்டும் கூடவே மாறும்.

ஐபிவி6க்கு ரூல் இன்னும் ஒண்ணு கூட எழுதல. அட்ரஸ் ஐபிவி4ஆ ஐபிவி6ஆன்னு சொல்ற ஃபேமிலி ஃபங்ஷன் 6னு சொல்ற எந்த ரிக்வெஸ்ட்டும் இப்போதைக்கு மறுக்கப்படுது, ஆனா அமைதியா இல்ல, தனியா ஒரு லாக் வரியோட. நெட்வொர்க் டீம் ஐபிவி6 ஒதுக்க ஆரம்பிக்கும்போது அந்த வரிகள் கூட ஆரம்பிக்கும், அப்போ ரூல் கேட்டு அவங்களே வருவாங்கன்னு விட்டிருக்கோம்.